சுடுதளத்துக்கு விபத்துக் காப்புறுதி: எந்தக் கடதாசி காசு தரும்?

கொழும்பில் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் சேரப் போனால் நீட்டப்படும் படிவத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் "காப்புறுதி உண்டு" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்த நிம்மதியில் ஒப்பம் வைப்பவர்கள்தான் அதிகம். அது என்ன காப்புறுதி என்று திருப்பிக் கேட்டால் படிவத்தை நீட்டியவரே சில வேளை தடுமாறுவார். பெரும்பாலும் அது பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி. உங்கள் ரவை பட்டு இன்னொருவர் காயப்பட்டால் அவருக்குக் கொடுக்க வேண்டிய நட்டஈட்டை அது பார்த்துக்கொள்ளும். உங்கள் விரல் போனால் அதில் உங்களுக்கு ஒரு சதமும் வராது.

உங்கள் உடம்புக்கு வேண்டியது தனியாள் விபத்துக் காப்புறுதி. காப்புறுதிக்காரர் பேச்சில் "பீஏ". சுடுநர்களுக்கு அது மூன்று உருவில் விற்கப்படுகிறது: நீங்களே வாங்கும் தனிப் பொலிசி, கழகம் உறுப்பினர் எல்லோருக்குமாக வாங்கும் குழுப் பொலிசி, போட்டி நாட்களுக்கு மட்டுமான குறுகிய காலப் பொலிசி. எந்த நிறுவனம் நல்லது என்ற கேள்விக்கு இங்கே பதில் இல்லை. அடிப்படை வாசகம் நிறுவனத்துக்கு நிறுவனம் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். வித்தியாசம் கிடப்பது பின்னால் ஒட்டப்படும் ஒற்றைத் தாளில். அந்த ஒற்றைத் தாளையும், காயப்பட்ட அன்று எழுதப்படும் இரண்டு மூன்று வரிகளையும் வைத்துத்தான் காசு வருமா வராதா என்பது முடிவாகும்.

முதலில், எது விபத்து

பொலிசியின் வரைவிலக்கணத்தில் நான்கு சொற்கள் சேர்ந்தே வரும். காயம் வன்மையான, எதிர்பாராத, வெளியிலிருந்து வந்த, கண்ணால் காணக்கூடிய காரணத்தால் வந்திருக்க வேண்டும். வாசிக்கும்போது அலங்காரம் போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு சொல்லும் ஒரு கூட்டத்தை வாசலிலேயே நிறுத்திவைக்கிறது.

ரைபிள் சுடுபவர்களின் நிரந்தர முறைப்பாடு இடுப்பு. நின்றபடி சுடும்போது இடுப்பைப் பின்னுக்கு வளைத்து எலும்பின்மேல் பாரத்தைப் போடுகிறோம். மூன்று நான்கு வருடத்தில் கீழ்முதுகு பேச ஆரம்பிக்கும். இது மெல்ல வந்த உபாதை, விபத்து அல்ல. பிஸ்டல்காரரின் தோள்பட்டைக்கும் இதே கதி. கழகங்களில் அதிகம் கேட்கும் வலிக்கு இந்தப் பொலிசியில் ஒன்றுமே இல்லை என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

காது இன்னும் சிக்கல். .22 ரைபிளின் வெடிச்சத்தம் 140 டெசிபல் அளவில் நிற்கும். 9 மி.மீ. பிஸ்டலும் 12 போர் (போர் என்பது குழலின் அளவு) துப்பாக்கியும் 150ஐத் தாண்டும். 140 என்பது ஒரே ஒரு தடவை கேட்டாலும் காதைக் கெடுக்கலாம் என்று வைத்திருக்கும் எல்லை. ஆனாலும் வருடக்கணக்கில் சரியான காதுக்காப்பு இல்லாமல் சுட்டுக் காது மந்தமானால், காப்புறுதிக்காரர் "படிப்படியாக வந்தது" என்று கோப்பை மூடிவிடுவார். காதுக்காப்பைக் கழற்றிய நேரம் பக்கத்து லேனில் ஒரு வெடி, அன்றே காது அடைத்து இரைச்சல் என்றால் வழக்கு வேறு. அதற்குத் திகதியும் நேரமும் சாட்சியும் உண்டு. அடுத்த நாளே காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போய் ஓடியோகிராம் (கேட்டல் சோதனை) எடுத்தால் அது விபத்தாக நிற்கும். மூன்று மாதம் கழித்து எடுத்தால் நிற்காது. கழகத்தில் சேரும்போதே ஒரு ஓடியோகிராம் எடுத்துக் கோப்பில் போட்டு வைப்பவர் புத்திசாலி. ஒப்பிட "முன்பு" என்று ஒன்று இருந்தால்தானே "பின்பு" இழந்ததைக் காட்டலாம்.

கொழும்பு வெக்கையும் ஒரு சங்கதி. ரைபிள் ஜாக்கெட்டும் காற்சட்டையும் தடித்த கன்வஸும் தோலும். குளிரூட்டி இல்லாத மண்டபத்தில் அதைப் போட்டுக்கொண்டு 60 வெடி சுடும்போது மயங்கி விழுபவர் உண்டு. மயக்கம் நோய், விழுந்து மணிக்கட்டு முறிந்தது காயம். இரண்டில் எது முதற்காரணம் என்பதில் சண்டை வரும். வெறுமனே கால் சறுக்கி விழுந்தால் சண்டையே இல்லை. ரைபிள் பூட்ஸின் அடி தட்டையாக, இலகுவில் வளையாமல் இருக்கும். அதைப் போட்டபடி படி இறங்குவதும் ஈரமான சீமெந்துத் தரையில் நடப்பதும் வாத்து நடை நடப்பது போலத்தான். இப்படியான சாதாரண விழுகையை யோசிக்காமல் எல்லோரும் வெடிப்பையே நினைக்கிறார்கள்.

விரலுக்கு என்ன விலை

இறப்பு, நிரந்தர முழு இயலாமை இரண்டுக்கும் காப்புறுதித் தொகை முழுவதும் கிடைக்கும். விற்பவர் பெரிதாகச் சொல்வதும் இதைத்தான். சுடுதளத்தில் நடக்கும் காயங்களோ பெரும்பாலும் கை, கண், காது. அவை நிரந்தரப் பகுதி இயலாமைக்குள் வரும். அதற்கு உறுப்புக்கு உறுப்பு சதவீதம் போட்ட ஒரு பட்டியல் இருக்கும். நம் பக்கம் நெடுங்காலம் புழங்கும் ஒரு பட்டியலை 10 இலட்சம் ரூபா பொலிசியில் வைத்துப் பாருங்கள்.

ஒரு கண் முழுதாகப் போனால் 50 சதவீதம், 5 இலட்சம். கட்டைவிரல் இரண்டு கணுவும் போனால் 25, அதாவது இரண்டரை இலட்சம். நுனிக் கணு மட்டும் என்றால் 10. சுட்டுவிரல் முழுவதும் 10, இரண்டு கணு 8, நுனிக் கணு 4 சதவீதம், வெறும் 40,000 ரூபா. ஒரு காது கேளாமல் போனால் 15, இரண்டும் என்றால் 50. சுடுநருக்குச் சுட்டுவிரல்தான் எல்லாம். பட்டியலுக்கோ அது கட்டைவிரலின் பாதி விலைகூட இல்லை. உங்கள் பொலிசியில் எண்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

எண்ணைவிட முக்கியமானது "இழப்பு" என்ற சொல்லின் விளக்கம். சில பொலிசிகளில் உறுப்பு துண்டாகிப் போனால்தான் இழப்பு. சிலவற்றில் நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலும் இழப்பு. சுடுதளத்தில் விரல் துண்டாவது அபூர்வம். நரம்பு அறுந்து, தையல் ஆறிய பிறகு விரல் மடங்காமல் நிற்பதுதான் நடக்கும். முதல் வகைப் பொலிசியில் மடங்காத விரலுக்குப் பூச்சியம். "பயன் இழப்பு" என்ற இரண்டு சொல் இல்லாத பொலிசியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வாராந்தக் கொடுப்பனவு கேட்க இனிப்பாக இருக்கும். வேலைக்குப் போக முடியாத ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தொகை. உள்ளே மூன்று கண்ணி. முதல் சில நாட்கள் கணக்கில் வராது, பெரும்பாலும் 7 நாள். தொகை உங்கள் சம்பள அத்தாட்சியைத் தாண்டாது. முழுதாக வேலை செய்ய முடியாமல் இருந்தால்தான் உண்டு. இடது கையில் தையல் போட்ட வங்கி ஊழியர் நான்காம் நாள் அலுவலகம் போய் ஒற்றைக் கையால் தட்டச்சு செய்தால் அந்தக் கோரிக்கை அங்கேயே முடிந்தது. நாட்கூலிக்கோ சொந்தக் கடைக்கோ வேலை செய்பவருக்கு இது உண்மையில் உதவும், ஆனால் வருமானத்தைக் காட்டக் கடதாசி இருக்க வேண்டும். மாதச் சம்பளத்தோடு மருத்துவ விடுமுறையும் உள்ளவர் இந்தப் பகுதிக்குக் காசு கட்டுவதைவிட மருத்துவச் செலவுப் பகுதியைக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்த ஒற்றைத் தாள்

எல்லாத் தனியாள் விபத்துப் பொலிசியிலும் விலக்குகள் என்று ஒரு பக்கம் இருக்கும். தற்கொலை, போதை, யுத்தம், குற்ற நோக்கில் சட்டத்தை மீறல், அதன் நடுவே "ஆபத்தான விளையாட்டுகள்". மலையேற்றம், பரசூட், ஆழ்கடல் சுழியோடல், வாகனப் பந்தயம், வேட்டை என்று பட்டியல் போகும். துப்பாக்கி சுடுதல் பெயர் சொல்லி இருக்காது. முகவர் அதைக் காட்டி, "பாருங்கோ, உங்கட விளையாட்டு இதில இல்லையே, பயப்படாதேங்கோ" என்பார். பட்டியலின் வாலைப் பார்க்கச் சொல்லுங்கள். "இவற்றை ஒத்த வேறு எந்த ஆபத்தான செயலும்" என்று முடிந்திருக்கும். கோரிக்கை போகும் நாளில் அந்த வால்தான் அடிக்கும்.

வாய்ப்பேச்சு வேண்டாம். எண்டோர்ஸ்மன்ட், அதாவது பொலிசியின் பின்னால் ஒட்டப்படும் அந்த ஒற்றைத் தாள், எழுத்தில் வேண்டும். அதன் சாரம் இப்படி இருந்தால் போதும்: "அனுமதி பெற்ற சுடுதளத்தில், ரேன்ஜ் ஒபிசரின் மேற்பார்வையில், விளையாட்டாகத் துப்பாக்கி சுடும்போது அல்லது அதற்கான ஆயத்தத்தின்போது நேரும் விபத்துகள் இந்தப் பொலிசியில் உள்ளடங்கும்." இதில் வருகிற ஒவ்வொரு துண்டையும் தட்டிப் பாருங்கள். "போட்டி" என்று மட்டும் எழுதியிருந்தால் பயிற்சி வெளியே. "சுடும்போது" என்று மட்டும் இருந்தால் துப்பாக்கி துடைக்கும்போதும், இலக்கு மாற்றும்போதும், எயர் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும்போதும் நடப்பது வெளியே. "சுடுநர்" என்று இருந்தால் ரேன்ஜ் ஒபிசரும் நடுவரும் புள்ளி எழுதுபவரும் வெளியே.

காற்று நிரப்பல் சின்ன விசயம் அல்ல. 10 மீற்றர் எயர் ரைபிள், பிஸ்டல் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் நிற்கிறது. கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். சிலிண்டரில் உற்பத்தித் திகதியும் காலாவதியும் பொறித்திருக்கும், பொதுவாகப் பத்து வருடம். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சங்கமான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி அது காலாவதியாகாமல் இருப்பதைப் பார்க்க வேண்டியது சுடுநரின் பொறுப்பு. பழைய சிலிண்டரை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் பாவிக்கும் கழகங்களில் இந்தத் திகதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காலாவதியான சிலிண்டர் கையில் வெடித்தால் "நியாயமான கவனம் எடுக்கவில்லை" என்ற நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு கோரிக்கையைத் தள்ள நிறுவனத்துக்கு நல்ல காரணம் கிடைக்கும்.

விண்ணப்பப் படிவத்தில் பொழுதுபோக்கு என்ற கேள்வியை வெறுமையாக விடக் கூடாது. "துப்பாக்கி சுடுதல், 10 மீற்றர் எயர் பிஸ்டல், வாரத்துக்கு இரண்டு தடவை, கழகச் சுடுதளத்தில்" என்று விபரமாக எழுதுங்கள். தவணைப்பணம் கொஞ்சம் ஏறும். மறைத்து வாங்கிய பொலிசி செல்லாது என்று பிறகு சொல்ல நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அப்போது ஏறாமல் மிச்சம் பிடித்த காசால் ஒரு பிரயோசனமும் இல்லை.

எவ்வளவு ஏறும் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கு. விகிதங்கள் இங்கே உதாரணத்துக்கு மட்டும். ஆயிரத்துக்கு 2 ரூபா என்றால் 10 இலட்சத்துக்கு 2,000. விளையாட்டுக்காக அரைப்பங்கு கூட்டினால் 3,000. அதன்மேல் வற் 18 சதவீதம், 540 ரூபா. பிறகு நிர்வாகக் கட்டணம், மற்ற வரிகள். விலை கேட்கும்போது வரியோடு சேர்த்து எவ்வளவு, எண்டோர்ஸ்மன்டோடு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு என்று மூன்று எண்ணைத் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே எண்ணாகச் சொன்னால் எண்டோர்ஸ்மன்ட் போடப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றில் எது

தனிப் பொலிசியின் பலம் இருபத்துநாலு மணி நேரமும் எங்கும் காக்கும் என்பது. வெலிசறைக் கடற்படைச் சுடுதளத்துக்குப் போகிற வழியில் முச்சக்கரவண்டி கவிழ்ந்தாலும் அது பார்த்துக்கொள்ளும். பலவீனம், ஒற்றை ஆளாகப் போய் எண்டோர்ஸ்மன்ட் கேட்டால் கிளை அலுவலகத்தில் முழிப்பார்கள். தலைமை அலுவலகத்தின் பொறுப்பேற்கும் பிரிவுக்கு ஈமெயில் போட்டுத்தான் வாங்க வேண்டும். முகவரைவிடப் பதிவு பெற்ற புரோக்கர் மூலம் போனால் இந்த அலைச்சல் குறையும். ஒரு புரோக்கர் பல நிறுவனங்களிடம் விலை கேட்பார், அவருக்கான தரகை நிறுவனம் கொடுக்கும்.

குழுப் பொலிசி ஆளுக்கு மலிவு. எண்டோர்ஸ்மன்டும் இலகுவாகக் கிடைக்கும், ஏனெனில் கழகம் என்றாலே எதற்காக வாங்குகிறார்கள் என்பது கேட்பவருக்குத் தெரிகிறது. நாங்கள் தெரிவு செய்வதும் இதைத்தான், ஆனால் செயலாளர் ஒழுங்கானவராக இருந்தால் மட்டும். குழுப் பொலிசி பெயர்ப்பட்டியலில் உயிர்வாழ்கிறது. மாதம் 12ஆம் திகதி சேர்ந்தவரின் பெயர் மாதக் கடைசியில் அனுப்பப்படுகிறது, 20ஆம் திகதி அவருக்குக் காயம் என்றால் அவர் பட்டியலில் இல்லை. புதிதாகச் சேர்பவர் 30 நாளுக்குத் தானாக உள்ளடங்குவார் என்ற வாசகத்தைக் கேட்டு வாங்கலாம். ஒரு நாள் சுட்டுப் பார்க்க வரும் விருந்தாளிக்கு அதுவும் உதவாது. அவருக்குப் பெயர் சொல்லாத, எண்ணிக்கை அடிப்படையிலான இடம் சில வேண்டும். சுடுதளத்தில் அனுபவமே இல்லாத ஆள் விருந்தாளிதான், ஆகக் கூடிய ஆபத்து அவருக்கே. காப்புறுதி இல்லாதவரும் பெரும்பாலும் அவரே.

குழுப் பொலிசியில் யாரும் வாசிக்காத இன்னொரு எண், ஒரு சம்பவத்துக்கான மொத்த எல்லை. 40 உறுப்பினர், ஆளுக்கு 10 இலட்சம் என்றால் மொத்தம் 4 கோடி. எல்லை 1 கோடி என்று போட்டிருக்கலாம். சுடுதளத்தில் 40 பேரும் ஒரே நேரத்தில் காயப்பட மாட்டார்கள் என்பது சரி. போட்டிக்குப் போகும் வானில் 15 பேர் இருப்பார்களே. 15 பேருக்கு 1 கோடியைப் பிரித்தால் ஆளுக்கு ஏழு இலட்சத்திலும் குறைவு.

போட்டி நாள் பொலிசியை ஒழுங்கமைப்பாளர்கள் வாங்குவது. இரண்டு நாள் போட்டிக்கு இரண்டு நாள் பொலிசி வாங்கிவிட்டுத் திருப்தியாக இருப்பார்கள். முதல் நாளுக்கு முந்திய நாள் உபகரணச் சோதனையும் பயிற்சியும் உண்டு. அதற்கும் முன்னால் இலக்குகளும், ட்ராப் போட்டி (பறக்கும் களிமண் தட்டைச் சுடுவது) என்றால் தட்டு எறியும் இயந்திரங்களும் பொருத்துவார்கள். ட்ராப் இயந்திரத்தின் எறியும் கை பலமான ஸ்பிரிங்கில் இழுபட்டு நிற்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் ஸ்பிரிங் விடுபடாமல் நிற்கலாம். சிக்கிய தட்டை எடுக்கக் கை நீட்டிய உதவியாளின் முன்கை எலும்பு முறிவது துப்பாக்கியே தொடாமல் நடக்கும் விபத்து. ஆகவே நான்கு நாளுக்கு வாங்குங்கள், உதவியாட்களின் பெயரையும் போடுங்கள். அந்த உதவியாள் கழகத்தின் சம்பள ஊழியர் என்றால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி கழகத்துக்கு வேறு கடப்பாடு உண்டு. விபத்துப் பொலிசி அதற்குப் பதிலீடு இல்லை.

முப்படைக் கழகங்களுக்காகச் சுடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பொலிசிகளில் படைச் சேவையில் ஈடுபட்டிருக்கும்போது நடப்பது விலக்கு. போட்டிக்கு அனுப்பிய கட்டளை "கடமை" என்று இருந்தால் தனிப் பொலிசி தராமல் போகலாம். படைச் சுடுதளத்தில் சுடும் சிவிலியனுக்கு இந்த விலக்குப் பொருந்தாது, விலக்கு ஆளின் சேவைக்கு, இடத்துக்கு அல்ல. வயதெல்லையும் பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகள் சுடும் கழகங்களில் குழுப் பொலிசியின் குறைந்தபட்ச வயது 16 அல்லது 18 என்று இருந்தால் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

பொறுப்புக் காப்புறுதியை விட்டுவிடச் சொல்லவில்லை. பிரித்தானியாவில் பீஏஎஸ்சி என்ற சுடுநர் அமைப்பின் உறுப்புரிமையோடு 1 கோடி பவுண் பொதுமக்கள் பொறுப்புக் காப்பு தானாக வருகிறது. அங்கே அதுதான் முதல் பேச்சு, உறுப்பினரின் சொந்தக் காயத்துக்கான தொகை பிறகுதான். இங்கே கழகம் பொறுப்புக் காப்பு வாங்கும்போது உறுப்பினரால் உறுப்பினருக்கு நேரும் காயமும் அடங்கும் என்ற வாசகம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாவிட்டால் சுடுதளத்தில் நிற்கும் எல்லோருமே ஒரே தரப்பு, மூன்றாம் தரப்பு என்று யாருமே இல்லை.

காயப்பட்ட அன்று

இரத்தத்தை நிறுத்துவதும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைப்பதும் முதல். கண்ணில் ஏதாவது பட்டிருந்தால் தேய்க்கவோ எடுக்கவோ கூடாது. காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை மேலே கவிழ்த்து ஒட்டி, கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். .22 ரவையின் விளிம்பு வெடித்தால் பித்தளைத் துணுக்கு பின்பக்கமாகத்தான் வரும். சுடுநர்கள் போடும் ஒற்றை வில்லைக் கண்ணாடிச் சட்டம் குறி பார்க்க உதவும், பக்கவாட்டில் திறந்தே இருப்பதால் காப்புக் கண்ணாடி ஆகாது.

கைக் காயங்களுடன் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவுக்குப் போனால், அனுமதிக்கும் டொக்டர் எப்படி நடந்தது என்று கேட்டு டிக்கெட்டில் (நோயாளிக் குறிப்புத் தாளில்) ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. பதற்றத்தில் "துவக்குச் சூட்டுக் காயம்" என்று மட்டும் சொன்னால் அப்படியே எழுதப்படும், காப்புறுதிக்காரர் பிறகு யார் சுட்டது, ஏன் என்று தோண்டுவார். "கழகச் சுடுதளத்தில் பயிற்சியின்போது பிஸ்டலின் ஸ்லைட் பின்னால் வந்து கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வெட்டியது" என்று இடம், செயல், பாகம் மூன்றையும் சொல்லுங்கள். பொலிஸுக்குப் பயந்து வீட்டில் விழுந்தேன் என்று சொல்பவர்கள் உண்டு. துப்பாக்கிக் காயம் என்றால் பொலிஸ் முறைப்பாடும், சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவமும் வரத்தான் செய்யும், அவை கோரிக்கைக்குத் துணை. பொய் சொன்னால் கோரிக்கையும் போய், இன்னொரு வில்லங்கமும் வரும்.

அதே நேரம் சுடுதளத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது வேறு. துப்பாக்கியைப் பாதுகாப்பாக்கிய பிறகு கழற்றிப் பார்க்கக் கூடாது. வெடித்த கோதை, மீதி ரவைகளை, பெட்டியில் அடித்திருக்கும் லொட் இலக்கத்தோடு பையில் போட்டு வையுங்கள். காரணத்தைக் காட்டுவது அவைதான். சத்தம் குறைவாக வந்த வெடியின் ரவை குழலுக்குள்ளேயே நின்றுவிட, அடுத்ததைச் சுட்டதால் குழல் வீங்கியிருக்கும். 12 போர் துப்பாக்கியில் தவறுதலாக 20 போர் கார்ட்ரிஜ் போட்டால் அது கார்ட்ரிஜ் வைக்கும் அறையைத் தாண்டிக் குழலுக்குள் நழுவி நின்றுவிடும். வெறுமை என்று நினைத்துப் பின்னால் 12 போர் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதற்காகத்தான் 20 போர் கோதுகளை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். ரிவோல்வரில் உருளைக்கும் குழலுக்கும் இடையிலான இடுக்கால் பாயும் சுடுவாயு, முன்னால் வைத்த கட்டைவிரலைக் கத்தி போல் வெட்டும். இவை மூன்றும் மூன்று விதமான காயம். சம்பவ அறிக்கையில் காரணம் சரியாக இருந்தால் டொக்டரின் குறிப்போடு பொருந்தும். பொருந்தாத இரண்டு கடதாசியைக் கண்டால் காப்புறுதி மதிப்பீட்டாளருக்கு வேறு வேலை வேண்டாம்.

சம்பவ அறிக்கை ஒரு பக்கம் போதும்: திகதி, நேரம், லேன் இலக்கம், துப்பாக்கியின் வகையும் தொடர் இலக்கமும், யாருடைய உரிமப் பத்திரத்தில் உள்ளது, என்ன ரவை, கண் காதுக் காப்பு போட்டிருந்தாரா, என்ன நடந்தது. ரேன்ஜ் ஒபிசரின் ஒப்பமும் இரண்டு சாட்சிகளின் ஒப்பமும். அன்றைய வரவுப் பதிவேட்டில் காயப்பட்டவரின் ஒப்பம் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். வந்து சுட்டுவிட்டுப் போகும்போது ஒப்பம் வைப்போம் என்று பழகியவர்கள் அம்புலன்ஸில் போகும் நாளில் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள்.

நிறுவனத்துக்கு அறிவிக்கும் காலக்கெடு பொலிசியில் இருக்கும். அதைத் தேடிக்கொண்டிருக்காமல் அடுத்த நாளே இரண்டு வரி ஈமெயில் போடுங்கள். விபரம் பிறகு வரலாம், திகதி இன்றே பதியட்டும். பிறகு சேர்க்க வேண்டியவை: டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே அறிக்கை, மூலப் பற்றுச்சீட்டுகள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, அடையாள அட்டை, உறுப்புரிமை அட்டை, துப்பாக்கி உரிமப் பத்திரத்தின் பிரதி, வாராந்தக் கொடுப்பனவுக்கு மருத்துவ விடுமுறைச் சான்றிதழும் வேலைத்தலக் கடிதமும்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், ஆகவே பில் இல்லை. பில் இல்லாவிட்டால் மருத்துவச் செலவுப் பகுதியில் திருப்பித் தர ஒன்றும் இல்லை. தேசிய வைத்தியசாலையையே நம்புபவர்கள் நாளுக்கு இவ்வளவு என்று தரும் வைத்தியசாலைத் தங்கல் கொடுப்பனவு உள்ள பொலிசியை எடுக்க வேண்டும். வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தரும் மருந்துத் துண்டைப் பார்மசியில் விட்டுவிட்டு வருவது வழக்கமான பிழை. துண்டு இல்லாத மருந்துப் பில் செல்லாது, போனில் படமாவது எடுத்து வையுங்கள். தனியார் வைத்தியசாலை சனலிங், பிசியோதெரப்பி இரண்டும் வெளிநோயாளர் செலவு. பொலிசி தங்கி எடுக்கும் சிகிச்சைக்கு மட்டும் என்றால் கையில் இருந்துதான் போகும். கைக்காயத்தில் ஆகக் கூடிய செலவே பிசியோதெரப்பிதான். கண்ணாடி, காது கேட்கும் கருவி போன்றவற்றைப் பெரும்பாலான பொலிசிகள் தருவதில்லை.

நிரந்தர இயலாமையின் சதவீதம் உடனே தீராது. காயம் ஆறி ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் மருத்துவச் சபை அளவிடும், ஒரு வருடமும் ஆகலாம். அவசரப்பட்டு முழுத் தீர்வுக் கடிதத்தில் ஒப்பம் வைத்து மருத்துவச் செலவை வாங்கிக்கொள்பவர், பிறகு விரல் மடங்கவில்லை என்று போனால் கதவு மூடியிருக்கும். "மருத்துவச் செலவுக்கு மட்டும், இயலாமைக் கோரிக்கை நிலுவையில்" என்று கடிதத்திலேயே எழுதி ஒப்பம் வையுங்கள்.

மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த விலக்கின் கீழ் என்ற இலக்கத்தோடு. நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவு, அதன் இறுதிப் பதில் வந்த பின் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி. நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கொழும்பு 1, உலக வர்த்தக மையத்தின் கிழக்குக் கோபுரத்தில் இருக்கிறது. சுடுநர்களின் மறுப்புகளில் தோற்கடிக்கக் கூடியது "ஆபத்தான விளையாட்டு" என்பதுதான், கையில் எண்டோர்ஸ்மன்ட் இருந்தால். தோற்கடிக்க முடியாதது உரிமப் பத்திரம் காலாவதியானது. உரிமப் பத்திரம் டிசம்பர் 31 வரைக்கும்தான். பொலிசி வேறு மாதத்தில் தொடங்கியிருக்கும், அதனால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. ஜனவரி முதல் வாரத்தில் சுடப் போகிறவர் புதுப்பித்த பத்திரத்தின் பிரதியை முதலில் பொலிசிக் கோப்பில் வைத்துவிட்டுப் போகட்டும்.